சின்னம்மகுடாவில் ஒரு கிராசிங்

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் கிளைப் பாதையில் இரண்டாவது தண்டவாளம் முழுதாக வேலைக்கு வந்தது. செகந்திராபாத்திலிருந்து மல்காஜ்கிரி, பொல்லாரம் வழியாக மேட்சல் போகும் பாதை அது. இப்போது போகிற ரயிலுக்கு ஒரு தடம், வருகிற ரயிலுக்கு ஒரு தடம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பழைய, புதிய ஸ்டேஷன் மாஸ்டர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்கள் வந்து குவிந்தன. சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த ஸ்வப்னா என்ற பெண் அதற்குக் கீழே ஒரு கேள்வி போட்டிருந்தாள். ஒற்றைத் தண்டவாளம் மட்டும் இருந்த காலத்தில் மேட்சலிலிருந்து வரும் உள்ளூர் ரயிலான காலை ஷட்டிலை எப்படி ஆபீஸ் நேரத்துக்குள் செகந்திராபாத் கொண்டுவந்தீர்கள், ஹேமா மேடத்தைக் கேட்டால் தெரியும் என்கிறார்களே, என்று. அந்த ஹேமா நான்தான். கைப்பேசியில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா அரக்கோணத்திலிருந்து இங்கே எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலைக்கு வந்தவர். அப்பா ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர். வீட்டுக்குள் அரக்கோணத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் தக்கனி என்ற ஹைதராபாத் உருது, பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும். அம்மா திட்ட ஆரம்பித்தால் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். "நக்கோன்னு சொன்னா வினவா நீ?" என்பாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாயா என்று அர்த்தம்.

அந்த நாளில் இது குறுகிய மீட்டர்கேஜ் பாதை. நிஜாம் காலத்தில் போட்டது. சீதாப்பழப் பருவத்தில் மேட்சல் பக்கத்துப் பெண்கள் கூடை கூடையாகப் பழத்தை ஏற்றிக்கொண்டு வருவார்கள். பெட்டியில் உட்கார இடம் இருக்காது. ஆனால் கூடைக்காரியின் பக்கத்தில் நின்றால் பழுத்து வெடித்த பழம் ஒன்று கைக்கு வரும். எங்களுக்கு அந்த ரயில் அதற்காகவே ஓடியது.

தேர்வு எழுதினேன், பாஸானேன், பயிற்சிப் பள்ளியில் விதிப்புத்தகத்தை உருப்போட்டேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் எந்தக் கேள்வியையும் முதலில் என்னிடமே கேட்டார்கள், அதனால் மற்றவர்களைவிட நன்றாகப் படிக்கவேண்டியதாயிற்று. பயிற்சிக் காலத்தைப் பற்றி அவ்வளவு சொன்னால் போதும்.

நான் வேலைக்குப் புதிதாக இருந்தபோது மீட்டர்கேஜைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டார்கள். அகலப்பாதை வந்ததும் எல்லாருக்கும் கொண்டாட்டம். தூரத்து ஊர்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் எங்கள் பாதையில் ஓட ஆரம்பித்தன. கொண்டாட்டம் அடங்கிய பிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் உறைத்தது. இருப்பது ஒரே தடம். பெரிய ரயில் வந்தால் சின்ன ரயில் ஒதுங்கத்தான் வேண்டும்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராகப் போன இடத்தைச் சின்னம்மகுடா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். மல்காஜ்கிரிக்கும் பொல்லாரத்துக்கும் நடுவே, சைனிக்புரியிலிருந்து ஆட்டோவில் வரக்கூடிய தூரம். ஒரு அறை, ஒரு பிளாட்பாரம், நேராகப் போகும் மெயின் லைன், அதிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் ஒரு லூப் லைன். லூப்பை யாரும் பயன்படுத்தவில்லை. ஜல்லி வண்டிகள் சில அதில் நின்றன, சக்கரங்களுக்கு நடுவே தும்மைச் செடி, அதாவது கருவேலம், இடுப்புயரம் வளர்ந்திருந்தது. எனக்குத் துணை, தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பாயிண்ட்ஸ்மேன் யாதய்யா. என்னைவிட வயதில் மூத்தவர், மேட்சல்காரர், தெலுங்கு தவிர வேறு பேசமாட்டார். நான் தமிழில் யோசித்துத் தெலுங்கில் பேசினால், "மேடம், மெல்லிகா" என்பார். அவசரப்படாமல் பேசச் சொல்கிறாராம்.

காலை ஷட்டில் மேட்சலிலிருந்து கிளம்பும். பொல்லாரம் வந்ததும் நிற்கும். எதிரே செகந்திராபாத்திலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை அங்கேயே நிற்கும். பிறகு உருண்டு உருண்டு செகந்திராபாத் சேரும்போது கடைகளைத் திறந்து போணியும் ஆகியிருக்கும்.

மரகதம் அக்காவை நான் சந்தித்தது இந்த ஷட்டிலால்தான். செகந்திராபாத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ஒருநாள் என் அறை ஜன்னலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா ஹேமா, இது ரயிலா, இல்ல பொல்லாரத்துல கட்டிப் போட்ட எருமையா?"

"நான் என்னக்கா பண்றது? எக்ஸ்பிரஸ் போனாத்தான் வரும்."

"என் வார்டுல ரெண்டு பொண்ணுங்க வேலைய உட்டுட்டு நின்னுடுச்சுங்க. ரெண்டு பஸ் மாறி வந்தாலும் லேட்டு, ரயில்ல வந்தாலும் லேட்டு. இதுல வண்டியவே நிறுத்தப் போறாங்களாமே?"

அது உண்மைதான். ஷட்டில் காலியாக ஓடுகிறது, நிறுத்திவிடலாம் என்று மேலே பேச்சு. நேரத்துக்குப் போகாததால் ஆள் ஏறவில்லை, ஆள் ஏறாததால் வண்டியை நிறுத்தப் போகிறார்கள். அக்கா போன பிறகு அன்று முழுவதும் அந்த எருமை என்ற வார்த்தை என்னைவிட்டுப் போகவில்லை.

அன்று மாலை என் மகளின் கிராஃப் தாளை எடுத்து விரித்தேன். "அம்மா, அதி நாதி" என்றாள் அவள் தெலுங்கில், அது தன்னுடையது என்று. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள், இன்றைக்கும் அப்படித்தான். புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோடு போட ஆரம்பித்தேன்.

ரயில் கால அட்டவணை போடுகிறவர்கள் வைத்திருக்கும் வரைபடம் மிக எளிமையானது. பக்கவாட்டில் ஸ்டேஷன் பெயர்கள், மேலே மணி. போகிற ரயில் ஒரு சாய்வில் ஒரு கோடு, வருகிற ரயில் எதிர்ச் சாய்வில் ஒரு கோடு. ஒற்றைத் தடத்தில் அந்த இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு ஸ்டேஷனாக இருந்தே ஆகவேண்டும். நடுவழியில் வெட்டினால் விபத்து. அந்தச் சந்திப்புக்குத்தான் கிராசிங் என்று பெயர். எக்ஸ்பிரஸ் கோட்டைத் தொட முடியாது. ஷட்டிலின் கோட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். இரண்டும் பொல்லாரத்தில் சந்திக்காமல் சின்னம்மகுடாவில் சந்தித்தன. என் ஸ்டேஷனில். தும்மைச் செடி வளர்ந்து கிடக்கும் அந்த லூப்பில் ஷட்டில் ஒதுங்கி நின்றால், எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் நிற்காமல் ஓடிப்போகும். அது போன கையோடு ஷட்டில் கிளம்பினால் செகந்திராபாத்தில் ஆபீஸ் திறக்கும் முன்பே போய்ச் சேரும்.

என் கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே என்ன செய்கிறார் என்று எனக்கு இன்றுவரை சொன்னதில்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருடைய ஈ.சி.ஜி. இது?" என்று கேட்டார்.

"மேட்சல் ஷட்டிலுது. இன்னும் உயிர் இருக்கு" என்றேன்.

இனி காசிம் சாஹிபைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் எந்த ரயில் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் அதிகாரி அவர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் எப்போதும் பென்சில். ஸ்டேஷனுக்கு வந்தால் உட்கார மாட்டார். முதலில் யார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாம் பதில் சொல்லும்வரை அடுத்த வார்த்தை வராது. நாம் உளறினால் அதையும் பொறுமையாகக் கேட்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் கோபம் வந்ததை நாங்கள் எல்லாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவோம். கோபம் ஏற ஏற அவருடைய உருது சுத்தமாகிக்கொண்டே போகும். பேச்சு கவியரங்கம் மாதிரி ஆகிவிட்டால் யாருக்கோ மெமோ தயார் என்று அர்த்தம். சந்தோஷமாக இருந்தால் சாதாரண ஹைதராபாத் தக்கனிக்கு இறங்கிவிடுவார், வேண்டாம் என்பதற்கு "நக்கோ", ஆமாம் என்பதற்கு "ஹவ்", எதற்கு என்பதற்கு "கைக்கு" எல்லாம் வரும். எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டபோது அவர் ஒருவர்தான் "மாஸ்டர் சாஹிபா" என்று கூப்பிட்டார்.

அவர் பேசியதை இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். என் கிராஃப் தாளை நெடுநேரம் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஷட்டிலின் கோட்டை இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினார்.

"நீங்க பாயிண்ட்டை லூப்புக்கு மாத்தி, திரும்ப மெயினுக்கு மாத்த அவகாசம் வேணாமா?"

எனக்கு அது தோன்றவில்லை. தலையாட்டினேன்.

"செடிய வெட்டச் சொல்றேன். ஜல்லி வண்டியை எடுக்கச் சொல்றேன். ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம். ஆனா ஒண்ணு, மாஸ்டர் சாஹிபா. இந்தக் கிராசிங்கால என் எக்ஸ்பிரஸ் ஒரு தடவை நின்னாலும் ஷட்டிலை எடுத்துருவேன். பொல்லாரத்துக்கும் வராது, மேட்சலுக்கும் வராது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த மாதம் போல் என் வாழ்க்கையில் இன்னொரு மாதம் இல்லை. காலையில் ஷட்டில் லூப்பில் வந்து நிற்கும். நான் அறையில் இருக்கும் பலகையில் சுவிட்சைத் திருப்பிப் பாயிண்ட்டை மெயினுக்கு மாற்றுவேன். சிக்னல் பச்சையாகும். யாதய்யா பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்தில் நிற்பார். தூரத்தில் ஹாரன் கேட்கும், அடுத்த நிமிடம் எக்ஸ்பிரஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் போகும். ஷட்டிலில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கை தட்டுவார்கள். மரகதம் அக்கா எல்லாரிடமும் நிபந்தனையைச் சொல்லிவைத்திருந்தார். அதனால் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போவது அவர்களுக்குக் கிரிக்கெட்டில் நான்கு ரன் அடித்த மாதிரி. ஆஸ்பத்திரிக்காரர்கள், துணிக்கடைப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நாளுக்கு நாள் கூட்டம் ஏறியது. வேலையை விட்டுவிட்டுப் போன அந்த இரண்டு நர்ஸ்களும் திரும்பி வந்தார்கள்.

மாதம் முடிய சில நாட்களே இருந்தன. மழைக்காலம் தொடங்கியிருந்தது. அன்று காலை ஷட்டில் வழக்கம்போல் லூப்பில் வந்து நின்றது. எக்ஸ்பிரஸ் மல்காஜ்கிரியைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. பொல்லாரம் பக்கத்துப் பாயிண்ட்டை மெயினுக்கு மாற்ற சுவிட்சைத் திருப்பினேன். சரியாக மாறினால் பலகையில் விளக்கு நிலையாக எரியும். அது மினுக்கியது. திரும்பவும் லூப்புக்கு மாற்றி, மறுபடி மெயினுக்குத் திருப்பினேன். மினுக்கல் நிற்கவில்லை.

தண்டவாளம் பிரியும் இடத்தில் கத்தி போல் கூராக இழைத்த ஒரு தண்டவாளத் துண்டு இருக்கும். அது பக்கத்துத் தண்டவாளத்தோடு இறுக ஒட்டினால்தான் ரயில் நேராகப் போகும். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் சக்கரம் எங்கே போகுமென்று சொல்ல முடியாது. பாயிண்ட் ஒட்டவில்லை என்றால் சிக்னல் பச்சைக்கு வராது. எக்ஸ்பிரஸ் வெளிச் சிக்னலில் வந்து நின்றுவிட்டது. நின்றே விட்டது. அதன் ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. லூப்பில் நின்ற ஷட்டிலின் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

யாதய்யா மழையில் ஓடினார். சற்று நேரத்தில் வாக்கி டாக்கியில் அவர் குரல். காலையில் தண்டவாளத்தைக் கடந்த எருமைக் கூட்டம் ஜல்லியை உதைத்துத் தள்ளியிருக்கிறது, ஒரு கல் நடுவில் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன் என்றார். மறுபடி சுவிட்சைத் திருப்பினேன். விளக்கு இன்னும் மினுக்கியது.

"மேடம், கண்ட்டிகி பாகானே உந்தி" என்றார். பார்வைக்கு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறதாம்.

இப்படி நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பலகையிலிருந்து ஒரு சாவியை எடுக்கவேண்டும். எடுத்ததும் அந்தப் பாயிண்ட்டின் மோட்டார் செத்துவிடும், வேறு யாரும் அறையில் இருந்தபடி அதை அசைக்க முடியாது. அந்தச் சாவியால் பெட்டியைத் திறந்து இரும்புக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போய், மோட்டாரில் பொருத்திக் கையால் சுற்றவேண்டும். தண்டவாளம் ஒட்டியதைக் கண்ணால் பார்த்து, இரும்புக் கவ்வியால் இறுக்கி, பூட்டுப் போட்டு, பூட்டின் சாவியோடு திரும்பி வரவேண்டும். அப்புறம்தான் டிரைவருக்குச் சிக்னலைத் தாண்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் நேரம் ஆகும். கவ்வியையும் பூட்டையும் விட்டுவிட்டு யாதய்யாவின் கண்ணை நம்பிக் கையெழுத்து மட்டும் போட்டால், எக்ஸ்பிரஸ் கொஞ்சம் தயங்கி நின்றதாகக் கணக்கு வைத்துச் சமாளித்துவிடலாம். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சாவியை எடுத்தேன். நிலைமையைக் கண்ட்ரோல் அறைக்குச் சொன்னேன். கவ்வி, பூட்டு, கைப்பிடி மூன்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மரகதம் அக்கா ஷட்டிலிலிருந்து இறங்கி மழையில் நின்றிருந்தார்.

"கல்லத்தான் எடுத்துட்டாராமே ஹேமா. கைக்கு இன்னும் நிக்க வச்சிருக்கே? உட்டுடும்மா. இன்னிக்கு நின்னா நம்ம வண்டி போச்சு."

"தெரியும்க்கா. இறுக்கிப் பூட்டாம விட முடியாது."

"அவரு பாத்துட்டாரில்ல?"

"நான் பார்க்கலையே. கையெழுத்து என்னுது."

அக்கா என் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "எங்க ஆபரேஷன் தியேட்டர்லயும் அப்படித்தான்" என்றார் மெதுவாக. "தையல் போடறதுக்கு முன்னாடி கத்திரி எல்லாம் எண்ணி முடிக்கணும். டாக்டர் எம்மாம் கத்துனாலும் எண்ணிட்டுத்தான் குடுப்போம். போ, போய்ப் பாரு." திரும்பி, படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாம் உள்ள போய் குந்துங்க. அந்தம்மா வேலையப் பாக்கட்டும்" என்றார்.

ஜல்லியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். பாயிண்ட் யார்டின் அந்தக் கோடியில் இருந்தது. யாதய்யா கைப்பிடியை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தார். நான் குனிந்து தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பார்த்தேன். முதல் சுற்றில் இடைவெளி அகன்றது. உள்ளே, தண்டவாளத்தின் நிழலில், கல்லின் உடைந்த சில்லு ஒன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின கல் நசுங்கியபோது உடைந்த துண்டு. தண்டவாளம் ஒட்டியிருக்கும்போது எந்தக் கண்ணுக்கும் தெரியாத இடம். யாதய்யா கைப்பிடியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் அந்தச் சில்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த இடத்தைத் துடைத்தோம். மறுபடி சுற்றினார். தண்டவாளம் இறுக ஒட்டியது. கவ்வியை மாட்டித் திருகினோம், பூட்டினேன், இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

எக்ஸ்பிரஸை மெல்ல உள்ளே வரவழைத்தேன். அதன் டிரைவர் நான் நீட்டிய காகிதத்தை முகத்தைச் சுளித்தபடி வாங்கினார். "என்ன மேடம், இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்றார். ரயில் ஊர்ந்து பாயிண்ட்டைக் கடந்தது. கடைசிப் பெட்டி தாண்டும்வரை நான் அந்தத் தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஷட்டில் கிளம்பியது. ஜன்னலில் யாரும் கை தட்டவில்லை. மரகதம் அக்கா மட்டும் கையைத் தூக்கிக் காட்டினார்.

மத்தியான ஷட்டிலில் காசிம் சாஹிப் வந்து இறங்கினார். வழக்கம்போல் உட்காரவில்லை. யார்டில் நடந்தார். பிறகு என் முன்னால் வந்து, சுத்தமான, அழகான உருதுவில், "மரியாதைக்குரிய மாஸ்டர் சாஹிபா, இன்று காலை நடந்தவற்றை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் செய்து காட்டுவீர்களா?" என்று கேட்டார். யாதய்யா என்னைப் பார்த்தார். அது மெமோவுக்கு முன்னால் வரும் உருது.

செய்து காட்டினேன். சாவி எடுத்ததிலிருந்து பூட்டு இழுத்துப் பார்த்ததுவரை. பாயிண்ட்டின் அருகே நின்று அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாதய்யா பையிலிருந்து சில்லை எடுத்து நீட்டினார். காசிம் சாஹிப் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"நான் என்ன நிபந்தனை போட்டேன்?"

"கிராசிங்கால எக்ஸ்பிரஸ் நிக்கக் கூடாதுன்னு."

"ஷட்டில் நேரத்துக்கு வந்துதா?"

"வந்தது."

"லூப்புக்குள்ள முழுசா நின்னுதா?"

"நின்னது."

"அப்ப எக்ஸ்பிரஸ் எதனால நின்னது?"

யோசித்தேன். "பாயிண்ட்டால, சார்."

"ஹவ்" என்றார். "பாயிண்ட்டால. அது எந்த ரயில் வந்தாலும் நடக்கும், கிராசிங் இல்லாத நாள்லயும் நடக்கும். அப்புறம் கைக்கு ரெண்டு பேரும் இழவு வீட்டு மூஞ்சியோட நிக்கிறீங்க?"

அந்த ஹவ்வும் கைக்குவும் காதில் விழுந்ததும் யாதய்யா சிரித்துவிட்டார். நான் கைப்பிடியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் காசிம் சாஹிப். "பார்வைக்கு நல்லா இருக்குன்னு விட்டிருந்தீங்கன்னா, எக்ஸ்பிரஸ் நேரத்துக்குப் போயிருந்தாலும் ஷட்டிலை எடுத்திருப்பேன். உங்களையும் எடுத்திருப்பேன்." பிறகு தண்ணீர் கேட்டார். அன்றுதான் முதன்முறையாக என் அறை நாற்காலியில் உட்கார்ந்தார். எருமைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பி, யார்டுக்குக் கீழே இருக்கும் மழைநீர்ப் பாலம் வழியாக மாடுகளை ஓட்டிப்போகும்படி பேசி முடித்தார். எருமைக்காரருக்கும் அவருக்கும் நடந்த பேச்சில் ஒரு உருது வார்த்தைகூடச் சுத்தமாக இல்லை.

மாதம் முடிந்தது. புதிய கால அட்டவணையில் காலை ஷட்டில் அந்த நேரத்திலேயே அச்சானது. அச்சான முதல் காலை, ஷட்டில் பொல்லாரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நர்ஸ்கள் எக்ஸ்பிரஸ் வருவதற்குள் பிளாட்பாரத்தில் குதித்து இறங்கி உஸ்மானியா பிஸ்கட் பொட்டலங்களைப் பிரித்தார்கள். யாதய்யா ஒரு கையில் பச்சைக் கொடியும் ஒரு கையில் பிஸ்கட்டுமாக நின்றார். மரகதம் அக்கா என் வாயில் ஒன்றைத் திணித்தார். வாய் நிறைய பிஸ்கட்டோடு எந்த விதிப்புத்தகமும் அனுமதிக்காத நிலையில் நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷட்டிலின் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒருவர் நின்றிருப்பதைக் கண்டேன். பக்கத்தில் பர்தா போட்ட அவர் மனைவி ஒரு நர்ஸின் மடியில் பாதியும் இருக்கையில் பாதியுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்களா? உள்ள வாங்க, உட்காருங்க."

"மேட்சல்லருந்து நின்னுகிட்டுத்தான் வர்றேன்" என்றார் காசிம் சாஹிப். "உக்கார இடம் இல்ல, மாஸ்டர் சாஹிபா. ஹவ், எனக்கு இதான் வேணும்." அவ்வளவு பெரிய சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். கூட்டம் ஏறியதால் பெட்டிகளைக் கூட்டினார்கள். பிறகு மின்சாரக் கம்பிகள் வந்தன, டீசல் எஞ்சின் போயிற்று, இரண்டு பக்கமும் ஓட்டக்கூடிய மின்சார உள்ளூர் ரயில் வந்தது. புதிது புதிதாக நிறுத்தங்கள் முளைத்தன. வயல்களாகக் கிடந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்து, எங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறவர்கள் பெருகினார்கள். நான் வேறு ஸ்டேஷன்களுக்கு மாறினேன், பெரிய யார்டுகளில் வேலை பார்த்தேன். கடைசியில் இதே பாதையில் ஒரு ஸ்டேஷனில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். காசிம் சாஹிப் எனக்கு முன்பே ஓய்வு பெற்று மகனோடு ஔரங்காபாத் போய்விட்டார். ஈத் அன்று இன்றும் போன் வரும். முதல் கேள்வி, ஷட்டில் எப்படி ஓடுது என்பதுதான். யாதய்யாவின் மகள் இப்போது இதே பாதையில் டிக்கெட் கொடுக்கிறாள்.

ஸ்வப்னா, உன் கேள்விக்கு இதுதான் பதில். ஒற்றைத் தடத்தில் ஒரு ரயிலுக்கு இடம் கண்டுபிடித்தது நான் மட்டுமில்லை. ஒரு கோபக்கார நர்ஸ், தன் பென்சிலால் கோட்டைத் திருத்திய ஒரு அதிகாரி, மழையில் ஓடிய ஒரு பாயிண்ட்ஸ்மேன் எல்லாரும் சேர்ந்து செய்தது. இப்போது கிராசிங்கே கிடையாது என்று உங்களில் சிலர் எனக்காக வருத்தப்படுகிறீர்கள். வேண்டாம். அந்த ஒற்றைத் தடத்தில் எத்தனை காலைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் மரகதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு மேட்சல்வரை போய்வந்தேன். அக்காவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சின்னம்மகுடாவைத் தாண்டி எங்கள் ரயில் வேகம் எடுத்த இடத்தில் பக்கத்துத் தடத்தில் எதிரே இன்னொரு ரயில் வந்தது. இரண்டும் நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் ஓடின. அக்கா என்னை முழங்கையால் இடித்தார். நான் கையை உயர்த்தி அசைத்தேன். எதிர் ரயிலில் யாரோ ஒரு பெண், யாரென்று தெரியாது, காதில் போனை வைத்தபடியே சிரித்துக்கொண்டு திருப்பிக் கை காட்டினாள். அதற்குள் மல்காஜ்கிரி வந்துவிட்டது.